மூக்கு மெக்கானிக்

என் வீட்டுக்காரருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது ஓட்டுநர் உரிமத்தில் மட்டும்தான் இருக்கிறது. மற்றபடி எல்லோருக்கும் அவர் மூக்கு மெக்கானிக். போன் செய்கிறவர்கள் என்னிடமே, "மூக்கு இருக்காராம்மா?" என்று கேட்பார்கள். கல்யாணமான புதிதில் எனக்கு ரத்தம் கொதிக்கும். இப்போது, "இருக்காரு, வண்டிக்கு அடியில இருக்காரு" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கிறேன்.

தானாகவே கியர் மாறும் வண்டிகளுக்கு மட்டும்தான் அவர் வேலை பார்ப்பார். இளவயதில் ஒரு பெரிய ரிப்பேர் ஷெட்டில் சேர்ந்தபோது இன்ஜின் பக்கம் ஏகப்பட்ட கூட்டமாம். ஒருவன் ஸ்பேனர் பிடித்தால் ஐந்து பேர் யோசனை சொல்வார்களாம். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் கிடந்த மூலைக்கு மட்டும் யாரும் போகமாட்டார்களாம். திறந்தால் உள்ளே அவ்வளவு தட்டு, அவ்வளவு வளையம், ஒன்றை மாற்றி வைத்தாலும் மறுபடி முதலிலிருந்து கழற்ற வேண்டும். அந்த மூலையில் யாரும் பேசமாட்டார்கள் என்பதற்காகவே இவர் அங்கே போய் உட்கார்ந்தார். தொழிலை இப்படித் தேர்ந்தெடுத்த மனிதரை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை. என்னைத் தேர்ந்தெடுத்தது மட்டும் எந்தக் கணக்கில் என்று தெரியவில்லை, ஏனென்றால் நான் வாயை மூடுகிற ஆள் இல்லை.

எங்கள் ஷெட்டில் இரண்டு வண்டி நிற்கலாம். ஒரு பக்கம் வண்டிக்கு அடியில் இறங்கி வேலை பார்க்கக் குழி, மறுபக்கம் வெறும் தரை. வாசலை ஒட்டி என் மேசை. வருகிற வண்டிக்குச் சீட்டு எழுதுவது, என்ன தொந்தரவு என்று கேட்டுக் குறித்துக்கொள்வது, 'எப்ப தருவீங்க' என்று நச்சரிக்கிறவர்களுக்குப் பதில் சொல்வது எல்லாம் நான். இருபத்தாறு வருடமாக இந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். நாற்காலி மூன்று முறை மாறிவிட்டது, நான் மாறவில்லை.

அவர் வேலை பார்க்கும் முறை எப்போதும் ஒன்றுதான். வண்டியைச் சூடாகும்வரை ஓட்டிவிட்டு வரச் சொல்வார். இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே கியர் கம்பியை ஒவ்வொரு இடத்திலும் ஒரு கணம் நிறுத்தி, திரும்பப் பழைய இடத்துக்குக் கொண்டுவருவார். பிறகு கியர்பாக்ஸ் எண்ணெயின் அளவு காட்டும் டிப்ஸ்டிக் கம்பியை உருவி, வெள்ளைக் காகிதத்தில் துடைப்பார். அளவைப் பார்ப்பார், நிறத்தைப் பார்ப்பார், கடைசியில் காகிதத்தை மூக்குக்குக் கீழே வைத்துக் கண்ணை மூடுவார். அந்த ஒரு மூச்சில் அவருக்கு எல்லாம் தெரிந்துவிடும். நல்ல எண்ணெய்க்கு லேசான இனிப்பு வாடை உண்டு. உள்ளே தட்டுகள் வழுக்கிச் சூடேறியிருந்தால் அடிப்பிடித்த பாத்திரத்தின் வாடை வரும். நிறத்தை நம்பிச் சொல்ல முடியாது, பழைய எண்ணெய் எப்படியும் கறுத்துத்தான் இருக்கும், கறுத்ததெல்லாம் கருகியது இல்லை. கருகல் வாசம் இல்லையென்றால் அளவைச் சரிசெய்து, ஒரு சுற்று ஓட்டிப் பார்த்து அனுப்பிவிடுவார். வாசம் இருந்தால்தான் கேபிள், வயர், அழுத்தம் பார்க்கிற கேஜ் என்று ஒவ்வொன்றாக இறங்குவார். மற்ற கடைகளில் அரை நாள் ஆகிற வேலையை இவர் மூக்கு அரை நிமிடத்தில் முடித்துவிடும். பட்டப்பெயர் சும்மா வரவில்லை.

அந்த மூக்கு ஒன்றரை வருடத்துக்கு முன்னால் செத்துப்போனது.

ஒரு காய்ச்சல் வந்தது. பத்து நாள் படுத்தார். எழுந்தபோது உடம்பு இளைத்திருந்தது, தேறிவிட்டார். ஆனால் எதிலும் வாசம் தெரியவில்லை. அதை என்னிடம்கூடச் சொல்லவில்லை. ஒருநாள் ஒரு வாடிக்கையாளரின் வேன் முன்னால் நின்றுகொண்டு காகிதத்தை மூன்று தடவை மோந்தார். ஒரு தடவைக்கு மேல் அவர் மோந்து நான் பார்த்ததே இல்லை. பிறகு என் மேசைக்கு வந்து, சீட்டுக்குப் பக்கத்தில் அந்தக் காகிதத்தை வைத்தார்.

"இதுல என்ன வாசம் வருது?"

"ஏன், உங்க மூக்குக்கு என்ன கேடு?"

"சளி."

நான்கு மாதம் கழித்தும் அதே சளி. அப்போதுதான் பிடித்து உலுக்கினேன். ஷெட்டுக்குப் பின்னால், பழைய டயர்கள் அடுக்கி வைத்திருந்த இடத்தில் வைத்துச் சொன்னார். டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். வரலாம், வராமலும் போகலாம் என்றார் டாக்டர். அதைத்தான் நாங்களும் வீட்டிலேயே சொல்லிக்கொண்டிருந்தோம்.

"யாருக்கும் தெரிய வேணாம்" என்றார் இவர், திரும்பி வரும்போது. அவ்வளவு களைத்த குரலில் அவர் பேசி நான் கேட்டதில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நான் எதிர்த்துப் பேசியிருப்பேன். களைப்பாகச் சொன்னதால் சரி என்றுவிட்டேன்.

அன்றிலிருந்து அவருடைய மூக்கு என் முகத்தில் இருந்தது. காகிதத்தைச் சீட்டோடு சேர்த்து என் மேசையில் வைப்பார். நான் குனிந்து எழுதுகிற மாதிரி மோந்து பார்த்துவிட்டு, கருகியிருந்தால் பேனாவை மூடுவேன், இல்லையென்றால் எழுதிக்கொண்டே இருப்பேன். முதல் இரண்டு மாதம் தடுமாறினேன். பிறகு பழகிவிட்டது. நான் மேசையில் இல்லாத நேரத்துக்கு அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். காகிதத்தை வண்டிக்காரரிடமே நீட்டி, "நீங்களே மோந்து பாத்துச் சொல்லுங்க" என்பார். வண்டிக்காரர்கள் உருகிப்போனார்கள். இவ்வளவு ஒளிவுமறைவு இல்லாத மெக்கானிக் உண்டா என்று ஒருவர் மற்றவரிடம் சொல்லி, வருகிற வண்டி கூடியதுதான் மிச்சம். மனிதர் பொய் சொல்லச் சொல்ல நேர்மைக்குப் பேர் வாங்கிக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

அவருக்கு ஐம்பத்தெட்டு. முழங்கால் இரண்டும் மடங்க மறுக்கின்றன. காலையில் கட்டிலைவிட்டு எழும்போது முதலில் ஒரு பக்கமாகத் திரும்பி, கொஞ்சம் நின்று, பிறகுதான் நிமிர்வார். இடுப்புக்குப் பட்டை கட்டிக்கொண்டு வண்டிக்கு அடியில் போவார். சாப்பாட்டில் ருசி தெரியாததால் போட்டதைத் தின்றுவிட்டு எழுந்துவிடுவார். நான் என்ன சமைத்தாலும் ஒன்றுதான் என்று ஆனபிறகு எனக்கும் சமைப்பதில் மனம் போகவில்லை. இருவரும் களைத்துப்போயிருந்தோம், அதுதான் உண்மை.

இப்போது என் நாத்தனாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவருக்கு ஒரே தங்கை. பதினாலு வயதில் பேருந்துப் படியிலிருந்து விழுந்து இடது கணுக்கால் நொறுங்கியது. எலும்பு கூடியது, ஆனால் பாதம் மடங்காமல் விறைத்துவிட்டது. நொண்டி நொண்டி எங்கே வேண்டுமானாலும் போவாள், ஆனால் கியர் மாற்றக் கிளட்சை மிதிக்க முடியாது. புருஷன் என்று ஒருவன் இருந்தான். இப்போது எங்கே இருக்கிறான் என்று தெரிந்துகொள்ள அவளுக்கே ஆர்வம் இல்லை. ஒரு மகள், வெளியூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள்.

பதினொரு வருடத்துக்கு முன்னால் இவர்தான் அவளுக்குச் சரக்கு ஏற்றுகிற ஒரு சின்னப் பிக்கப் வண்டியைத் தேடிப் பிடித்துக் கொடுத்தார். அப்போதே பழைய வண்டி. ஆட்டோமேட்டிக் கியரோடு ஒரு பிக்கப் கிடைப்பது எங்கள் பக்கம் அபூர்வம், மாதக்கணக்கில் அலைந்தார். அந்த வண்டியை வைத்துக்கொண்டு நாத்தனார் ஒரு சலவைக்கூடத்துக்கு ஓட்டினாள். மூன்று மருத்துவமனைகளிலிருந்து அழுக்குப் படுக்கை விரிப்புகளை மூட்டையாக எடுத்துவருவது, வெளுத்ததைத் திரும்பக் கொண்டுபோவது. ஞாயிற்றுக்கிழமையும் உண்டு. நோயாளிகளுக்கு விடுமுறை கிடையாது என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். வாய் என்னைவிட நீளம். நானும் அவளும் சேர்ந்தால் இவர் வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வார்.

ஆறு வருடத்துக்கு முன்னால் அந்தக் கியர்பாக்ஸை ஒரு தடவை கழற்ற வேண்டி வந்தது. சாமான் கிடைக்காமல் ஐந்து வாரம் வண்டி நின்றது. சலவைக்கூடத்துக்காரர் வேறு வண்டியை வைத்துக்கொண்டார். மறுபடி அந்த வேலை அவள் கைக்கு வர ஏழு மாதம் ஆனது. அந்த ஏழு மாதமும் அவள் எங்கள் வீட்டுக்கு வரவே இல்லை. கூப்பிட்டால், "நாலு சுவத்தையும் யாரு பாத்துக்கிறது அண்ணி?" என்று போனை வைத்துவிடுவாள்.

மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு வியாழக்கிழமை அவள் வண்டியைக் கொண்டுவந்தாள். மேட்டில் மூட்டையோடு ஏறும்போது இரண்டாவது கியரிலிருந்து மூன்றாவதுக்குப் போகிற நேரத்தில் இன்ஜின் சும்மா கத்துகிறது, ஒரு நொடி கழித்துத்தான் பிடிக்கிறது என்றாள். அன்று நான் மேசையில் இல்லை. கடைவாய்ப் பல்லைப் பிடுங்கப் போயிருந்தேன். சாயங்காலம் வீங்கிய தாடையோடு வந்து படுத்தபோது இவர் விஷயத்தைச் சொன்னார்.

"பாப்பா வந்தா. எண்ணெய் கொஞ்சம் கம்மியா இருந்துச்சு, ஊத்திவிட்டேன். ஓட்டிப் பாத்தேன், நல்லாத்தான் மாறுது."

"வாசம்?"

"அவளையே மோந்து பாக்கச் சொன்னேன். ஒண்ணும் இல்லேன்னா. புது எண்ணெய் மாதிரி இருக்குன்னா."

"அந்தப் பேப்பரை வச்சிருக்கீங்களா?"

"தூக்கிப் போட்டுட்டேனே."

காலி வண்டியைச் சமதரையில் ஓட்டினால் எந்தக் கியர்பாக்ஸும் நல்லபிள்ளையாகத்தான் இருக்கும். அது எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாதா? ஆனால் அன்று அவர் மூன்று வண்டி முடித்திருந்தார், எனக்குத் தாடை விண்விண்ணென்று தெறித்தது. மறுபடி கொண்டுவரச் சொல்லுங்கள் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இதை நான் எனக்குச் சாதகமாகத் திருப்பிச் சொல்லப்போவதில்லை.

போன வாரம் காலை பத்து மணிக்குப் போன் வந்தது. மருத்துவமனைக்குக் கீழே இருக்கும் மேட்டில் வண்டி நின்றுவிட்டது. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் இன்ஜின் கத்துகிறது, வண்டி முன்னால் நகரவில்லை, சரிவில் பின்னால்தான் உருள்கிறது என்றாள். இவர் போனை என் கையிலிருந்து பிடுங்கினார்.

"யாரும் கட்டி இழுக்க விடாத. பின்சக்கரம் தரையில உருளக்கூடாது. ஏத்திக்கிட்டு வர்ற வண்டியா சொல்லு."

"மூட்டை நனைஞ்சுபோகும்ணா, மழை வர்ற மாதிரி இருக்கு."

"மூட்டையை வேற வண்டில அனுப்பு. நீயும் அதுலயே போ. இங்க நான் பாத்துக்கறேன்."

மத்தியானம் பிக்கப்பைத் தூக்கிக்கொண்டு வந்து எங்கள் தரையில் இறக்கினார்கள். அவர் இன்ஜினை ஓடவிட்டு டிப்ஸ்டிக்கை உருவினார். காகிதத்தில் துடைத்தார். நான் மேசையில் இருந்தேன், அவர் ஐந்தடி தள்ளி இருந்தார். அங்கிருந்தே எனக்குக் கருகல் வாசம் அடித்தது. பேனாவை மூடி வைத்தேன். அவர் அதைப் பார்த்துவிட்டு, காகிதத்தை என்னிடம் கொண்டுவராமல் அப்படியே கசக்கிப் பையில் போட்டுக்கொண்டார்.

குழிக்கு மேல் வண்டியைத் தள்ளி, கியர்பாக்ஸின் அடித்தட்டைக் கழற்றினார். கறுப்புக் குழம்பாக எண்ணெய் இறங்கியது. அந்த அடித்தட்டுக்குள்ளே அரைத்த கரியைப் போல ஒரு படிவு, விரல் கனத்துக்கு. அது கியர்பாக்ஸுக்குள்ளே கியரைப் பிடித்துக்கொள்கிற கிளட்ச் தட்டுகளின் மேல்பூச்சு. அது அங்கே வந்துவிட்டால் தட்டுகளில் ஒன்றும் மிச்சமில்லை என்று அர்த்தம். என்னாலேயே சொல்ல முடியும், மூக்குகூட வேண்டாம், கண் போதும்.

"போச்சா?" என்றேன்.

"போச்சு."

அதோடு விட்டிருக்கலாம். விடமாட்டார். ஒரு கியர்பாக்ஸ் செத்தால் எதனால் செத்தது என்று தெரியாமல் அவருக்குத் தூக்கம் வராது. குழியிலிருந்து ஏறினார், ஏறுவதற்கே இரண்டு தடவை நின்றார். முன்மூடியைத் தூக்கி இன்ஜின் பக்கம் பார்க்க ஆரம்பித்தார். வயர்களைத் தொட்டுப் பார்த்தார். எண்ணெய் குளிரப் போகும் குழாய்களைத் தடவிப் பார்த்தார். பிறகு ஆக்ஸிலேட்டர் பக்கத்தில் கையை விட்டவர் அப்படியே நின்றுவிட்டார்.

நான் எழுந்து போனேன். அந்த மாதிரிப் பழைய வண்டிகளில் ஒரு மெல்லிய கேபிள் உண்டு. நாம் ஆக்ஸிலேட்டரை எவ்வளவு மிதிக்கிறோம் என்று கியர்பாக்ஸுக்குச் சொல்வது அதுதான். அதைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் கிளிப் பல் பல்லாகப் பூட்டிக்கொள்ளும். நாத்தனாரின் வண்டியில் அது பின்னால் நழுவியிருந்தது. நீங்கள் முழுசாக மிதித்தாலும் கியர்பாக்ஸுக்குச் செய்தி அரைகுறையாகத்தான் போகும். உள்ளே அழுத்தம் குறையும், தட்டுகள் இறுகப் பிடிக்காமல் வழுக்கும், வழுக்கினால் சூடாகும். மூட்டையோடு மேட்டில் தினமும் இரண்டு தடவை ஏறினால் மூன்று மாதம் தாங்கியதே பெரிசு.

அவர் கிளிப்பின் நாக்கை அழுத்தி, கேபிளை இழுத்து, மூன்று பல் முன்னால் பூட்டினார். ஒரு சின்னச் சத்தம் வந்தது.

"எவ்வளவு நேரம் ஆச்சு?" என்று கேட்டார்.

"எதுக்கு?"

"இப்ப நான் செஞ்சதுக்கு."

"ஒரு நிமிஷம்கூட இல்ல."

"கேஜ் மாட்டிச் சரி பாக்கறதையும் சேத்து பத்து நிமிஷம்னு வை." வண்டிக்கு அடியில் படுத்துப் போகிற சக்கரப் பலகையை இழுத்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார். படுக்கிற பலகையில் அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றுதான். "அன்னிக்கு வாசம் வந்திருக்கணும். லேசா வந்திருக்கணும். வந்திருந்தா கேபிளைத்தான் முதல்ல பாத்திருப்பேன்."

"அவதான் வரலேன்னாளே."

"அவளுக்கு என்ன தெரியும்? அவ மூக்கா தொழில் பாக்குது? நான்ல பாத்திருக்கணும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூக்கு போனது இவர் குற்றமா? ஆனால் வாசம் தெரியவில்லை என்றால் கேபிளையும் கேஜையும் பார்த்துத் தொலைத்திருக்கலாம் இல்லையா? மூக்கு இருந்த காலத்துப் பழக்கத்தை மூக்கு போன பிறகும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாரே, அந்தப் பிடிவாதத்துக்கு என்ன பெயர்? இதையெல்லாம் கேட்க வாயைத் திறந்தேன். அவர் தோள் இரண்டும் தொங்கியிருந்த விதத்தைப் பார்த்து மூடிக்கொண்டேன். எப்போதாவது அப்படி நடப்பதும் உண்டு.

நாலு மணிக்கு நாத்தனார் வந்தாள். பேருந்தில் வந்து, நிறுத்தத்திலிருந்து நடந்து வந்திருந்தாள். முகம் வெளுத்திருந்தது. வந்ததும் பிக்கப்பின் கதவைத் திறந்து ஓட்டுநர் இருக்கையில் ஏறிக் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டாள். அவளுக்கு அது பழக்கம், எங்கள் ஷெட்டில் நாற்காலியில் உட்காரவே மாட்டாள்.

"மூட்டையெல்லாம் போய்ச் சேந்துச்சா?" என்றேன்.

"சேந்துச்சு அண்ணி. கூடத்துக்காரர் கேட்டார், திங்கட்கிழமை வண்டி வருமான்னு. வரும்னு சொல்லிட்டேன். வராட்டி வேற ஆளு பாத்துக்கறேன்னுட்டார்." கண்ணாடி வழியாக அண்ணனைப் பார்த்தாள். "வருமாண்ணா?"

அவர் எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைக்க ஒன்றும் மிச்சமில்லாதபோதும் துடைத்தார்.

"வராது பாப்பா. உள்ள எல்லாம் கருகிப்போச்சு. வேற பெட்டி கிடைக்குதான்னு பழைய வண்டி உடைக்கிற இடத்துல எல்லாம் சொல்லி வைக்கிறேன். கிடைச்சாலும் கிடைக்கும். எப்பன்னு என்னால சொல்ல முடியாது."

அவள் ஸ்டியரிங்கின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு முன்னால் பார்த்தாள். முன்னால் சுவர்தான் இருந்தது.

"உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றார் இவர். யாருக்கும் தெரிய வேண்டாம் என்று ஒரு வருடத்துக்கு மேல் என்னைக் கட்டிப்போட்ட மனிதர், நடு ஷெட்டில் நின்று சொன்னார். "எனக்கு மூக்கு போயிருச்சு பாப்பா. அந்தக் காய்ச்சல்ல போச்சு. எதுலயும் வாசம் தெரியல. அதனாலதான் அன்னிக்கு உன்னைப் பாக்கச் சொன்னேன். உம்மேல தப்பு இல்ல, பழக்கமில்லாதவங்களுக்கு லேசான கருகல் தெரியாது."

நாத்தனார் திரும்பவில்லை.

"தெரியும்ணா."

"எது?"

"உனக்கு மூக்கு போனது. என் வீட்டுக்கு வந்தப்ப அடுப்புல பாலு பொங்கித் தீஞ்சுச்சு. நான் பின்பக்கம் துணி காயப்போட்டுக்கிட்டு இருந்தேன், அங்க எனக்கு வாசம் வந்துச்சு. ஓடி வந்து பாத்தா நீ அடுப்புக்குப் பக்கத்துல உக்காந்து பேப்பர் படிச்சுக்கிட்டிருக்க. நீயா சொல்லுவேன்னு இருந்தேன். நீ சொல்லல, நானும் கேக்கல."

இவர் துணியைக் கீழே வைத்தார்.

"அன்னிக்கு நீ பேப்பரை நீட்டினப்ப..." அவள் குரல் உடைந்தது. எப்போதும் சடசடவென்று பேசுகிறவள், ஒவ்வொரு வார்த்தையாக இழுத்தாள். "வாசம் அடிச்சுச்சுண்ணா. நல்லாவே அடிச்சுச்சு. எனக்கு இந்த வாசம் தெரியாதா? போன தடவை நீ கழட்டினப்ப நான்தானே பக்கத்துல நின்னேன். ஆனா சொன்னா நீ கழட்டிடுவ. வண்டி நிக்கும். மறுபடி அந்த ஏழு மாசம்... உன்னால கண்டுபிடிக்க முடியாதுன்னு தெரிஞ்சுதான் பொய் சொன்னேன். தெரியாம சொல்லலண்ணா. தெரிஞ்சேதான் சொன்னேன்."

பக்கத்து வெல்டிங் கடையில் ஏதோ ஒன்றை இரும்பின் மேல் போட்டார்கள். எனக்கு முதலில் வந்தது கோபம். என் புருஷன் காது மடல் சிவக்க அவமானப்பட்டுக்கொண்டு நிற்கிறார், அவருடைய குறையைத் தெரிந்துவைத்துக்கொண்டு அதே இடத்தில் கைவைத்திருக்கிறாள். அடுத்த நொடி, பேருந்தில் வந்து நொண்டிக்கொண்டு இறங்கியவளின் கணுக்காலைப் பார்த்தேன். காலணிக்கு மேல் அது வீங்கியிருந்தது. கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. எல்லோருக்கும் பயம்தான். அவருக்கு மூக்கு போனது வெளியே தெரிந்துவிடுமோ என்று பயம், அவளுக்கு வண்டி நின்றுவிடுமோ என்று பயம், எனக்கு இவர்கள் இரண்டு பேரையும் பார்த்துப் பயம்.

கொஞ்ச நேரம் கழித்து அவள் கதவைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். அண்ணன் முன்னால் வந்து நின்றாள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லு. அன்னிக்கே நான் உள்ளதைச் சொல்லியிருந்தா இந்த வண்டி பொழைச்சிருக்குமா?"

என் நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது. பத்து நிமிடம். ஒரு கிளிப். மூன்று பல். கழற்றியிருக்கவே வேண்டாமடி, அன்றைக்கே நீ மூட்டை ஏற்றப் போயிருப்பாய். இவள் பயந்ததற்கே இடமில்லாத ஒரு வேலை. எனக்கு உண்மையைச் சொல்லாமல் இருக்கத் தெரியாது, அது என் குணமா நோயா என்று இன்றைக்கும் புரியவில்லை. இவர் என்னை ஒரே ஒரு தடவை பார்த்தார். மிரட்டல் இல்லை, கெஞ்சல்கூட இல்லை. சும்மா பார்த்தார்.

பிறகு தங்கையின் பக்கம் திரும்பினார்.

"இல்ல பாப்பா. நீ சொல்லியிருந்தாலும் இதேதான். அப்பவே உள்ள போயிருந்துச்சு. மூணு மாசம் ஓடினதே லாபம்."

"நெசமாவா?"

"பழைய வண்டிம்மா. என்னைக்கு இருந்தாலும் இது நடக்கும்."

அவள் பெரிதாக ஒரு மூச்சு விட்டாள். தோளிலிருந்து எதையோ இறக்கி வைத்த மாதிரி சட்டென்று அழுதாள். அழுதுவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, என்னைப் பார்த்து, "காப்பி கீப்பி உண்டா அண்ணி, இல்ல இந்த வீட்டுல வாசம் தெரியாத ஆளுக்குச் சமைச்சு சமைச்சு அதுவும் மறந்துபோச்சா?" என்றாள். போட்டுக் கொடுத்தேன். அவள் சலவைக்கூடத்துக்காரருக்குப் போன் செய்து, திங்கட்கிழமை வராது என்று சொன்னாள். குரல் நடுங்கவில்லை. ஐந்தரை பேருந்துக்கு நான் நிறுத்தம்வரை கூடப் போனேன்.

திரும்பி வந்தபோது அவர் பிக்கப்பின் முன்மூடியை இறக்கிக்கொண்டிருந்தார்.

"ஏங்க, பத்து நிமிஷ வேலைன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"சொன்னேன்."

"அவகிட்ட வேற சொல்றீங்க?"

மூடியை இரண்டு கையாலும் அழுத்திப் பூட்டினார்.

"உங்கிட்ட சொன்னேன்ல. அது உன்னோட நிக்கட்டும்."